அழைக்க ஒருவர் வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் அறுபது வயதைக் கடந்த தாய் ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்க அழைக்கப்பட்டோம். உபதேசியார் முன்னே நடக்க, அந்தி நேரத்தில் அவ்வீட்டை அடைந்தோம். கயிற்றுக் கட்டிலில் அவர் சுருண்டு படுத்திருந்தார். கருப்பை வாயில் தோன்றிய புற்று எலும்பு வரை பரவிவிட்டது என்று கூறி, நகரத்து மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தனர். மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் உதிரம் பட்டதையும், இரண்டு ஆண்டுகள் அதை எவரிடமும் சொல்லாதிருந்ததையும் அவர் மெல்லக் கூறினார். இது ஒப்புரவில் கூறியதன்று. சூழ நின்றோர் அனைவரும் கேட்கக் கூறியது.

"ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"யார்கிட்ட சாமி சொல்ல? யாரும் கேக்கலையே" என்றார்.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தவர். கோயில் வாசலில், "நலமாக இருக்கிறீர்களா?" என்று நாம் கேட்டதுண்டு. "இருக்கேன் சாமி" என்ற விடையோடு மனநிறைவு கொண்டு அடுத்தவரை நோக்கித் திரும்பியதும் உண்டு. கேட்க வேண்டியதைக் கேளாமல் விட்டவர் பட்டியலில் நாமும் இருந்தோம் என்பதே உண்மை.

அவர் அடக்கத்திற்குப் பின், புற்றுநோயை முன்னரே கண்டறியும் முயற்சியின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். அதில் இரண்டு வரலாறுகள் பின்னிக் கிடப்பதைக் கண்டோம். கருவியைக் கண்டுபிடித்த வரலாறு ஒன்று. அக்கருவியிடம் மக்களை அழைத்து வந்த வரலாறு மற்றொன்று. முன்னது பரிசும் புகழும் பெற்றது. பின்னது அதிகம் பேசப்படாதது. ஆயினும் உயிர்களைக் காத்ததில் இரண்டுக்கும் சம பங்குண்டு என்பதையே இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

பெயரிலேயே அச்சம்

பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இந்நோயை நண்டின் பெயரால் அழைத்தனர். நாமோ கறையான் புற்றின் பெயரால் அழைக்கிறோம். இரண்டு பெயர்களிலும் அச்சம் குடிகொண்டிருக்கிறது. மண்ணுக்கு மேலே புற்று கண்ணுக்குத் தெரியும்போது, மண்ணுக்கடியில் அதன் அறைகள் எப்போதோ கட்டி முடிக்கப்பட்டிருக்கும். இந்நோயும் அத்தகையதே என்று நம் முன்னோர் கருதினர். அக்கருத்தில் தவறில்லை. அவர்கள் கண்டதெல்லாம் முற்றிய நிலையை மட்டுமே.

முற்றிய நோயையே கண்டவர்களுக்கு அது தீராத நோயாகத் தோன்றியது. தீராத நோய்க்கு மருத்துவரிடம் போவானேன்? போகாததால் முற்றியது, முற்றியதால் தீரவில்லை, தீராததால் அடுத்தவரும் போகவில்லை. இச்சுழல் எங்கே, எப்படி உடைந்தது என்பதுதான் வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி.

மடங்களின் பதிவேடுகள்

முதல் தடயம் கிடைத்த இடம் நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். அது கன்னியர் மடம். தொழில்சார் நோய்களின் மருத்துவத்திற்குத் தந்தை எனப் போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டு, 1713-இல் அதனை விரிவாக்கினார். ஏனைய பெண்களைவிட அருட்கன்னியரிடையே மார்பகப் புற்று மிகுதியாகக் காணப்படுவதை அவர் சுட்டிக்காட்டினார். பிள்ளைப்பேறும் பாலூட்டலும் மார்பகப் புற்றின் வாய்ப்பைக் குறைக்கின்றன என்பதை இன்றைய மருத்துவம் உறுதி செய்துள்ளது.

அடுத்து, 1842-இல் தொமேனிக்கோ ரிகோனி ஸ்டெர்ன் என்னும் இத்தாலிய மருத்துவர், வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரை நிகழ்ந்த இறப்புகளின் பதிவுகளை ஆராய்ந்தார். கருப்பைப் புற்று மணமான பெண்களிடம் மிகுதியாகவும், கன்னியரிடம் அரிதாகவும் இருந்தது. காரணம் விளங்க நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1983-இல் ஹரால்ட் சூர் ஹௌசன் என்னும் செருமானிய அறிஞரின் குழு, கருப்பை வாய்ப் புற்றில் ஒருவகைப் பாப்பிலோமா வைரஸைக் கண்டது. அதற்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே ஒரு சொல் கூறியாக வேண்டும். இவ்வைரஸ் உடலுறவால் பரவுவது என்று கேட்டவுடன், நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறும் நாவுகள் உண்டு. பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் வாழ்வில் ஒருமுறையேனும் தொட்டுச் செல்லும் வைரஸ் இது. பெரும்பாலோர் உடல் தானாகவே அதை வென்றுவிடுகிறது. சிலர் உடலில் மட்டும் அது தங்கி, மெல்ல மெல்லத் திசுக்களை மாற்றுகிறது. ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்ந்த குடும்பத்திலும் இந்நோய் வரும். ஆகவே இது பாவத்தின் சம்பளமும் அன்று, பழிக்குரிய அடையாளமும் அன்று. இதனைத் தெளிவாகச் சொல்லாத வரை, நம் தாய்மார் வாய் திறக்கப்போவதில்லை.

கருவி வந்தது, மக்கள் வரவில்லை

அவ்வாறு தங்கிய வைரஸ் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு நீண்ட காலம் நோய் நமக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தக் கற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். கிரேக்க நாட்டில் பிறந்து, 1913-இல் அமெரிக்காவில் குடியேறியவர். பெண்ணின் பிறப்புறுப்பிலிருந்து எடுத்த திரவத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் நோக்கினால் புற்றணுக்களை இனங்காணலாம் என்று அவர் 1928-இல் அறிவித்தார். மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. மகப்பேறு மருத்துவர் ஹெர்பர்ட் டிரௌட்டுடன் இணைந்து 1941-இல் கட்டுரையும், 1943-இல் நூலும் வெளியிட்ட பின்னரே அது ஏற்கப்பட்டது. அவருடைய ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர் அவர் மனைவி. உலகெங்கும் பெண்களைக் காத்த சோதனையின் பின்னே ஒரு பெண்ணின் பொறுமை இருக்கிறது.

கருவி வந்துவிட்டது. இனி நோய் ஒழிந்துவிடும் என்றுதானே எண்ணுவோம்? இங்கிலாந்தின் கதை வேறாக அமைந்தது. அங்கே 1960-களின் நடுவிலேயே இச்சோதனை தொடங்கிவிட்டது. ஆயினும், தாமாகக் கேட்டு வந்தவர்களுக்கே அது பெரும்பாலும் கிட்டியது. யாருக்கு மிகவும் தேவையோ, அந்த மூத்த பெண்களும் ஏழைப் பெண்களும் வெளியே நின்றனர். 1988-இல் ஒரு மாற்றம் செய்தனர். மருந்தை மாற்றவில்லை, கருவியை மாற்றவில்லை. உரிய வயதிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் பதிந்து, குறித்த கால இடைவெளியில் அவர் வீட்டுக்கே ஓர் அழைப்புக் கடிதம் அனுப்பினர். சோதனைக்கு உட்பட்டோர் விழுக்காடு 1988-இல் 42 ஆக இருந்தது; 1994-இல் 85 ஆக உயர்ந்தது. இறப்புகளும் முன்னினும் விரைவாகக் குறைந்தன. கருவியால் முடியாததை ஓர் அழைப்பு முடித்தது.

நம் மண்ணில்

கடிதம் எழுதினால் படித்துவிட்டு வரும் நாடு அது. நம் நாட்டில்?

இங்கே தொடக்கம் ஓர் இறப்பிலிருந்து எழுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் வாழ்நாள் முழுதும் சுமந்தார். 1954-இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தோன்றியது அத்துயரின் கனியே. அடுத்த ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை அந்நிலையத்திற்கே தம்மை ஒப்படைத்தார். மருத்துவமனை ஒன்று எழுந்தது பெரும் பேறு. ஆயினும், நோய் முற்றிய பின் கதவைத் தட்டுவோரே அங்கும் மிகுதியாக வந்தனர்.

மகாராட்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் பார்சி என்னும் ஊர் உள்ளது. சிற்றூர்களில் புற்றுநோயாளரைக் கணக்கெடுக்க, இந்தியாவின் முதல் கிராமப்புறப் பதிவேடு 1987-இல் அங்கே தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வராதவரை எண்ணுவது எவ்வாறு? ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்றனர். ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்தனர். எவை நோயின் அறிகுறிகள், அவை தோன்றினால் எங்கே செல்ல வேண்டும் என்று எடுத்துரைத்தனர். எண்ணச் சென்றவர்கள் ஆசிரியர்களாகவும் ஆனார்கள். சில ஆண்டுகளிலேயே ஒரு மாற்றம் தெரிந்தது: கருப்பை வாய்ப் புற்றோடு வந்த பெண்களுள், தொடக்க நிலையிலேயே வந்தோரின் பங்கு உயர்ந்தது. 1995-இல் அச்செய்தி ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. மக்களிடம் பேசியது மட்டுமே அங்கே நிகழ்ந்திருந்தது. பேச்சுக்கே அத்தனை வலிமை!

திண்டுக்கல் தந்த சான்று

அடுத்த நிகழ்ச்சி நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்தது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும், அடையாறு புற்றுநோய் நிலையமும் இணைந்து நடத்திய ஆய்வு அது. டாக்டர் ஆர். சங்கரநாராயணன் அதில் முதன்மைப் பங்காற்றினார்.

சோதனை மிக எளியது. வினிகரில் இருக்கும் அமிலத்தை நீர் கலந்து கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாறுபட்ட பகுதி வெண்ணிறமாகத் தெரியும். நுண்ணோக்கி வேண்டியதில்லை, முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே அதைச் செய்தனர். 114 தொகுதிகளைத் தேர்ந்து, 57-இல் இச்சோதனையை அளித்து, ஏனைய 57-இல் வழக்கமான மருத்துவ வசதியை மட்டும் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தனர். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் அழைக்கப்பட்டனர். 2000 முதல் 2003 வரை சோதனை நடந்தது. 2007-இல் முடிவு வெளியாயிற்று. சோதனை அளித்த பகுதியில் நோயுற்றோர் விகிதம் 25 விழுக்காடும், நோயால் இறந்தோர் விகிதம் 35 விழுக்காடும் குறைவாக இருந்தன.

வாழ்வில் ஒரே ஒருமுறை செய்த, ஒரு சில நிமிடச் சோதனையின் பயன் இது.

ஆயினும் அவ்வாய்வில் நம் மனத்தைத் தைத்த எண் வேறொன்று. அழைக்கப்பட வேண்டிய பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். எஞ்சிய 17,968 பேர் வரவில்லை. யார் அவர்கள்? திண்டுக்கல்லிலும், மகாராட்டிரத்து உஸ்மானாபாத்தில் நடந்த இதையொத்த ஆய்விலும் ஒரே போக்குத் தென்பட்டது. வயதில் இளையவர்களும் படித்தவர்களும் கூடுதலாக வந்தனர். மூத்தவர்களும் கல்லாதவர்களும் பின்தங்கினர். வயது ஏற நோயின் வாய்ப்புக் கூடுகிறது. வயது ஏற வருகையோ குறைகிறது. அக்கிளைக் கிராமத்துத் தாயை நாம் அந்த 17,968 பேரின் நடுவே கண்டோம்.

இன்னுமொன்றையும் மறைத்தலாகாது. ஒப்பிடுவதற்காக ஒரு பகுதிப் பெண்களைச் சோதனையின்றி விட்டது அறமாகுமா என்னும் வினா, இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகள் குறித்துப் பின்னாளில் எழுந்தது. எழ வேண்டிய வினாவே அது. அப்பெண்களுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கும் வழி ஒன்றே: அவர்களால் உறுதிப்பட்ட அறிவை இனி எவருக்கும் மறுக்காதிருத்தல். பயனுண்டு என்று தெரிந்த பின்னும் சொல்லாதிருப்போமாயின், நாமே நம் மக்களை அந்தச் சோதனையற்ற பகுதியில் நிறுத்தியவர்கள் ஆவோம்.

முதியோர்க்குப் பயனில்லையா?

"இந்த வயசுக்கு மேல எனக்கு எதுக்கு?" என்பது நம் முதியோர் வழக்கமாகக் கூறும் மறுமொழி. வரலாறு அதற்கும் விடை வைத்திருக்கிறது. மும்பையின் ஏழைக் குடியிருப்புகளில் 1998-இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் தடவிப் பார்த்து மார்பகங்களைப் பரிசோதித்தனர். 2021-இல் வெளியான அதன் முடிவில், எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்புக் குறைந்தது உறுதிப்படவில்லை. ஆனால் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம் மட்டும், மார்பகப் புற்றால் நிகழும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. "எனக்கு எதுக்கு?" என்று கேட்கும் அந்த வயதினருக்கே பயன் கிட்டியிருக்கிறது.

ஆண்களும் ஒதுங்கி நிற்க இடமில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி, 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை வெளிச்சத்தில் பார்த்துச் சோதிக்கும் ஆய்வு நடந்தது. 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மது பழகியோரிடையே வாய்ப் புற்றால் நிகழும் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் நம் பாட்டிமாரையும், பீடி பிடிக்கும் பெரியவர்களையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்து காட்டுவதில் என்ன கூச்சம் இருக்கிறது?

மாதவிலக்கு நின்ற பின், பார்க்க வேண்டிய பகுதி கருப்பை வாயின் உட்புறம் மறைந்துவிடுவதால், வினிகர் சோதனை மூத்த பெண்களுக்கு முழுப் பொருத்தமன்று. அவர்களுக்கு வைரஸ் சோதனை சிறந்தது. உஸ்மானாபாத் ஆய்வில், ஒரே ஒருமுறை செய்த வைரஸ் சோதனை முற்றிய நோயையும் இறப்பையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை 2009-இல் அறிவித்தனர். இதற்கான மாதிரியைப் பெண் தாமே எடுத்துத் தரலாம் என்பதை உலக நலவாழ்வு நிறுவனமும் ஏற்றுள்ளது. கூச்சத்திற்கு இது நல்ல மருந்து.

நம் நடுவண் அரசு 2016-இல் வகுத்த நெறிமுறை, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றின் புற்றுக்கும் 30 முதல் 65 வயது வரையுள்ளோரைச் சோதிக்கச் சொல்கிறது. வாய்ச் சோதனை ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது. 65-ஐக் கடந்தவர்களுக்குச் சோதனை தேவையா என்பதை, அவரவர் உடல்நிலை கண்டு மருத்துவரே கூற வேண்டும். மிகத் தளர்ந்த முதியவரைத் தேவையற்ற சோதனைகளால் அலைக்கழிப்பதும் அன்பாகாது. ஆனால் அறிகுறி தோன்றினால் வயது வரம்பே இல்லை. மாதவிலக்கு நின்ற பின் உதிரம் படுதல், மார்பில் கட்டி, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் ஆகியவற்றோடு எந்த வயதினர் இருப்பினும் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயரே இவ்வரலாற்றின் பாடம். தேடி வருபவர்க்கு மருத்துவம் என்பது பழைய முறை. தேடிச் செல்வதே புதிய முறை. ஆயினும் செவிலியர் வீடு தேடி வந்தாலும், கதவைத் திறப்பதும் உண்மையைச் சொல்வதும் நம்பிக்கையைப் பொறுத்தவை. அந்நம்பிக்கையை ஊட்ட வல்லவர்கள் மருமகளும், அடுத்த வீட்டுக்காரரும், அன்பியத் தலைவியும், மாதர் சங்கத்து மூத்த உறுப்பினருமே. சோதனை செய்துகொண்டு நலமாகத் திரும்பிய ஒரு பாட்டி, தன் தோழியிடம் "வலிக்கலடி, சும்மா வா" என்று கூறுவாரே, அதற்கு ஈடான நலவாழ்வுக் கல்வி வேறில்லை.

யோவான் நற்செய்தியில் வரும் குளத்தை நாம் அறிவோம். குளம் இருந்தது, நீரும் இருந்தது. 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவர் அருகிலேயே படுத்திருந்தார். அவரிடம் இல்லாததெல்லாம் தூக்கிச் செல்ல ஒரு துணையே.

அத்தாய் மறைந்த சில மாதங்களில், அதே கிராமத்துக் கோயில் முற்றத்தில், ஞாயிறு திருப்பலிக்குப் பின் கிராம சுகாதாரச் செவிலியரைப் பேசச் செய்தோம். ஆண்களையும் நம்மையும் சற்று விலகி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் பெண்களிடம் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றவர்கள் பதினொருவர். அவர்களுள் ஐம்பதைக் கடந்தவர்கள் மூவர். முதலில் வண்டி ஏறியவர் மறைந்த தாயின் மருமகள். எண்ணிக்கை பெரிதன்று, பெருமை பேசவும் இதில் ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு அம்மூவரும் இன்னும் மூவரை அழைத்து வந்தனர் என்பதை மட்டும் கூறி அமைகிறோம்.

இப்போதும் கோயில் வாசலில், "நலமா?" என்று கேட்கிறோம். "இருக்கேன் சாமி" என்றே விடை வருகிறது. ஆனால் உடனே திரும்பிவிடுவதில்லை. "ஆஸ்பத்திரியில் காட்டிப் பார்த்தீர்களா?" என்று இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, விடைக்காகச் சற்று நிற்கிறோம்.